எந்தப் பேருக்குத் திரும்பும்?

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுவோம்" என்று குழந்தையைப் பாய் நடுவில் உட்கார வைத்தாள் காப்பகத்து ஆயாம்மா.

பின்னே? எட்டு மாதமாகியும் பேர் முடிவாகவில்லை. காலையில் கொண்டுவந்து விடும் அம்மா ஒரு பேர் சொல்லிக் கொஞ்சுவாள். சாயங்காலம் பார்க்க வரும் அப்பா வேறொரு பேர் சொல்லிக் கொஞ்சுவார். அந்த நேரம் பார்த்து அவளும் அழைத்துப்போக வந்துவிட்டால் போச்சு. ஆளுக்கொரு வீட்டில் பிரிந்து இருப்பவர்கள், சண்டை போட மட்டும் காப்பகத்து வாசலில் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

"பெத்துட்டா போதுமா? ஒரு பேர் வைக்கத் துப்பில்ல" என்று ஆயாம்மா முணுமுணுக்காத நாளில்லை. குழந்தை பாவம், எந்தப் பேருக்கும் திரும்பாமல் திருதிருவென்று முழித்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அம்மா ஒரு சுவரோரம் மண்டி போட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, கிரீஸ் கையைத் துடைத்தபடி எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. எந்தப் பேருக்குத் திரும்புதோ, அதான் பேரு. அப்புறம் யாரும் மூச்சு விடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

"தோத்தவங்க அழக்கூடாது."

"நான் ஏன் அழப்போறேன்?" என்றார் அப்பா. துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

"ம், கூப்பிடுங்க!"

இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

ஆயாம்மா தன் காதையே நம்பவில்லை. அம்மா கூப்பிட்டது அப்பா வைத்த பேர். அப்பா கூப்பிட்டது அம்மா வைத்த பேர்! குழந்தையோ வழக்கம்போல எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

"நீ நினைச்சிருந்தா என்னை வாசல்லயே நிறுத்தியிருக்கலாம். தினமும் புள்ளைய பார்க்க விடறியே, அதுக்கு நான் வேற எப்படி நன்றி சொல்றது? சரி, நீ ஏன்..?"

"காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு, வேலையை விட்டுட்டு ஓடி வந்து மூணு நாள் தோள்லயே போட்டுக்கிட்டு நடந்தீங்களே. அதை மறக்க முடியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வெச்ச பேரே இருக்கட்டும்."

"அதெல்லாம் முடியாது. நீ வெச்சதுதான்."

"சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"நீ மட்டும் கேட்டுடுவியாக்கும்!"

சண்டை மறுபடியும் தொடங்கியது. எப்போதும் ஓடிவந்து விலக்கிவிடும் ஆயாம்மா, இன்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.