ரயருக்கு வந்த சண்டை

"ஓடாத காருக்குப் புது ரயரோ? ஆருக்கடா விசர், எனக்கோ உனக்கோ?"

மயில்வாகனம் போட்ட சத்தத்தில், விசுவமடுச் சந்தியில் பாண் வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ரயர் கடைக் கிருபன் தலை நிமிரவில்லை. இரும்புச் சட்டத்தால் நெம்பி நெம்பி, புது ரயரைச் சில்லில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"மயிலண்ணை, நான் என்ன செய்ய? அந்த அக்காவும் சொல்லி வைச்சவா. சாமான் வந்த சங்கதி அறிஞ்சு, விடியவே வந்து கடை வாசலிலை குந்தியிட்டா."

"நான் மாரி மழைக்கு முன்னமே சொன்னனான். அது உனக்கு மறந்து போச்சு, என்ன?"

போர்க்காலத்தில் புது ரயர், வன்னிக்குள் கொண்டுவர அரசாங்கம் தடை போட்ட சாமான். வவுனியாவைத் தாண்டி அது எப்படி வந்தது என்று கிருபனிடம் ஒருவரும் கேட்பதில்லை. கிடைத்தால் போதும், வாயை மூடிக்கொண்டு வாங்குவதுதான் அப்போதைய வழக்கம். இந்த நாலும் அசல் புதுசு. ஒஸ்ரின் கேம்பிறிஜ் காருக்கு அளவானவை. மயில்வாகனத்தின் வாடகைக் காரும் அதுதான். கடை மூலையில் நின்ற அந்த அக்கா அன்னபாக்கியம்; அவளுடைய காரும் அதுதான்.

அன்னபாக்கியம் போன வருசம் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அவளுடைய கார் ஓடியதை விசுவமடுவில் கண்டவர் இல்லை. நாலு சில்லையும் கழற்றி, இரண்டு தரம் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"என்ரை ரயரிலை நூல் தெரியுது. உள்ளுக்கை பழைய ரயரை வெட்டி வைச்சு ஓடுறன். இனி ஒருக்கா வெடிச்சால், காரைக் கல்லிலை ஏத்திறதுதான். பிறகு உங்கை ஆருக்கும் நோவெண்டால் ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?" என்றார் மயில்வாகனம். "என்ஜினும் எப்பிடி என்ஜின்! பெற்றோல் இல்லாமல் ஓட, ஆரோ கெட்டிக்காரன் செப்புக் குழாயைப் புகைக்குழாய்ச் சூட்டிலை சுத்தி, குத்துவிளக்குத் தண்டைத் துளைச்சுப் பொருத்தியிருக்கிறான். மண்ணெண்ணெய் ஆவியாப் போய் விழும். வன்னியிலை இப்பிடி ஒண்டு கிடையாது. அதுக்கு ரயர் இல்லை. படுத்துக் கிடக்கிற காருக்கு ரயர்."

அந்த என்ஜினின் பெருமையை அந்தப் பக்கத்தில் கேளாதவர் இல்லை. சவாரிக்கு ஏறுபவர்களுக்கு அவர் பொனற்றைத் திறந்து காட்டாமல் விடுவதில்லை.

"அக்கா, நீங்கள் அந்தப் பழசிலை ஒட்டின ரயரை எடுங்கோவன்," என்று கிருபன் மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

அன்னபாக்கியம் அதைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துத் தள்ளிவிட்டாள். "இது கல்லுப்போல கிடக்கு. மெத்தெண்டு போற ரயர்தான் எனக்கு வேணும்."

"மெத்தை வாங்க வந்தவாவாக்கும்," என்றார் மயில்வாகனம். "சரி, ஒரு கதை. உங்கடை வீட்டு வளவுக்கு நானும் வாறன். காரை ஸ்ராட் பண்ணிக் காட்டுங்கோ. ஓடினால் வாயைப் பொத்திக்கொண்டு போறன். ஓடாட்டில் ரயர் எனக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்கோ," என்றாள்.

வேப்பமரத்தின் கீழ் கார் நாலு கல்லில் நின்றது. கிருபன் சில்லுகளைப் பூட்டி, நட்டுகளை இறுக்கி முடிக்கும்வரை மயில்வாகனம் வளவைச் சுற்றி நடந்தபடியே திட்டிக்கொண்டிருந்தார். கடைசி நட்டு இறுகியதும் தானே போய்ப் பொனற்றைத் திறந்தார்.

உள்ளே ஒரு கட்டு வைக்கோல் இருந்தது.

அப்போதுதான், முன்பக்கத்தில் பூட்டியிருந்த நீள மரமும் வேலியோரம் கட்டியிருந்த இரண்டு மாடுகளும் எதற்கென்று அவருக்கு விளங்கியது.

"மாட்டு வண்டில்! எட கிருபன், மாட்டு வண்டிலுக்கோடா என்ரை ரயரைப் பூட்டினனீ?"

"ஓம், வண்டில்தான்," என்றாள் அன்னபாக்கியம். அவளுடைய குரலும் உயர்ந்துவிட்டது. "உள்ளுக்கை பாருங்கோ. சீற்றைக் கழட்டிப் பாய் விரிச்சிருக்கிறன். என்ரை மனுசனுக்கு ஷெல் பட்டு இடுப்புக்குக் கீழை ஏலாது. நீட்டிப் படுக்க வைச்சுத்தான் மருந்து கட்டக் கொண்டு போகோணும். றோட்டிலை ஒவ்வொரு கிடங்கு குழியிலையும் விழேக்கை அந்த மனுசன் கத்திற கத்து உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்."

மயில்வாகனம் கொஞ்சம் தடுமாறினார். ஆனால் தொடங்கிய கோபத்தை இடையில் விட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"அப்ப என்ஜின் எங்கை?"

"கிளிநொச்சியாலை வரேக்கை எண்ணெய் முடிஞ்சு போச்சு. பரந்தன் றோட்டிலை காரை விட்டிட்டு, மாடு தேடிக்கொண்டு திரும்பி வந்தம். அதுக்கிடையிலை ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள்."

"அப்ப அந்தக் கள்ளனைப் போய்ப் பிடியுங்கோ," என்று கத்தினார் மயில்வாகனம். "சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடேக்கை என்ஜின் கழட்டினவனையும், அதை வாங்கி ஓடுறவனையும் சட்டையிலை பிடிச்சுக் கேளுங்கோ. அதை விட்டிட்டு, உழைச்சுத் தின்னுற என்ரை வயித்திலை ஏன் அடிக்கிறியள்?"

அன்னபாக்கியம் வீட்டுக்குள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய ஒரு கையில் குத்துவிளக்கின் அடிப்பாகமும் மறுகையில் அதன் தலையும் இருந்தன.

"இதின்ரை தண்டை அவர்தான் அறுத்துத் துளைச்சவர், அண்ணை. சனத்தை ஆஸ்பத்திரிக்கு ஏத்திற கார் எண்டுதான், இவ்வளவு நாளும் உங்களிட்டைக் கேளாமல் விட்டனான்."