முழுப் பழமும் அவருக்கே

முலாம்பழத்தை அறுத்ததும் ஆஸ்பத்திரி வார்டே மணத்தது. கட்டிலில் கிடந்த தஹ்ஸீன் பார்த்துக்கொண்டிருக்க, கணவர் ஆசாத் ஒவ்வொரு துண்டாகச் சாப்பிட்டார்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த இருளாயிக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, அந்தப் புள்ளைக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன?”

“அவளுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க.”

“அப்ப வெளிய போய்ச் சாப்பிடலாம்ல? நோயாளி முன்னாடி உங்களுக்கு எப்படித்தான் எறங்குதோ!”

ஆசாத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

தஹ்ஸீன் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு ஆகாதுன்னு மூணு வருஷமா இவரும் இதைத் தொடலம்மா. இன்னிக்கு நாந்தான் என் கண்ணு முன்னாடி சாப்பிடணும்னு சொன்னேன். நாளைக்கு இவரோட கிட்னி ஒண்ணை எடுத்து எனக்கு வைக்கிறாங்க. தெம்பு வேணும்ல?”

இருளாயி எழுந்து வந்தாள். தட்டை எடுத்து ஆசாத்தின் கையில் கொடுத்தாள்.