வாய் திறக்காத வகுப்பு

“இந்த மீனை நாலு சமமா வெட்டி, மூணு துண்டைப் பொரிச்சாச்சு. மீதி எவ்வளவு? யாராவது சொல்லுங்க, கண்ணுகளா!”

யாரும் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த ஆற்று மீன்தான் வாயைப் பிளந்துகொண்டு நயீபேயைப் பார்த்தது.

கடைசி பெஞ்சில் இருந்த எனெய்தா மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து மக்தலேனா ஆற்றில் படகேறி, நயீபே பாடம் நடத்துகிற லட்சணத்தைப் பார்த்து மார்க் போட வந்தவர். இன்று தேறினால் நயீபே முழு டீச்சர். சின்செலேஹோ டவுனில், சொந்த ஊரிலேயே, அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. தேறாவிட்டால் அது வேறு யாருக்காவது போய்விடும். அவள் அடுத்த பருவமும் இதே ஆற்றங்கரைப் பள்ளியில் பயிற்சி மாணவிதான்.

“ஒஸ்னைதர், நீ சொல்லுடா ராஜா.”

ஒஸ்னைதர்! தூக்கத்தில்கூடப் பேசுகிற பயல். நேற்று இதே மாதிரிக் கணக்கை அவள் கேட்டு முடிப்பதற்குள் பெஞ்சுமேல் ஏறி நின்று பதிலைக் கத்தியவன். இன்று எழுந்து நின்று கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தான்.

“தெரியலை, டீச்சர்.”

“சரி, கெய்லா?”

“ஏழு, டீச்சர்.”

“ஏழா? நாலு துண்டுல ஏழு எப்படிடீ மிஞ்சும்?”

கெய்லா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

நயீபே வந்த புதிதிலும் பிள்ளைகள் இப்படித்தான் இருந்தார்கள். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாட்டு, பொம்மை, வண்ண அட்டை எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது. ஒருநாள் தெரியாமல் கெளுத்தியை வேறு ஏதோ மீன் என்று சொல்லிவிட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. “டவுன் டீச்சருக்குக் கெளுத்தி தெரியலடோய்!”

“தெரியலைதான். சொல்லிக் குடுங்களேன்” என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கணக்கு மீனில், பூகோளம் ஆற்றில். அவர்களுக்குத் தெரிந்ததை இவள் கேட்டாள். தெரியாததை அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மணியடித்தாலும் வீட்டுக்குப் போகமாட்டோம் என்று அடம்பிடிக்கிற வகுப்பாயிற்றே இது!

அந்த உரிமையில்தானே நேற்று அப்படிக் கெஞ்சினாள்?

“நாளைக்கு ஒரு மேடம் வர்றாங்க. நீங்க நல்லாப் பதில் சொன்னாத்தான் நான் பாஸ். இல்லைன்னா டவுன் வேலை போச்சு, மறுபடியும் இங்கேயேதான் கிடக்கணும். டீச்சரைக் கைவிட்டுடாதீங்க, என் தங்கங்களா!”

ஆளுக்கொரு துண்டு கொய்யா அல்வா வேறு கொடுத்தாள். வாங்கித் தின்றுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அல்வாவைத் தின்ற வாய்களா இவை!

மணி அடித்தது. பிள்ளைகள் சத்தமே இல்லாமல் வெளியே போனார்கள். அதுவும் புதுசு.

எனெய்தா மேடம் பையை எடுத்துக்கொண்டார். “பாடத்தை நல்லாத்தான் தயார் பண்ணியிருக்கே, நயீபே. ஆனா ஒரு குழந்தைகூட உன்கிட்ட ஒட்டலையேம்மா. இத்தனை மாசமா இங்க என்னதான் பண்ணினே?”

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசினாங்க, மேடம். சத்தியமா.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பிடிச்ச டீச்சர்னா குழந்தைங்க உயிரைக் குடுத்துப் பதில் சொல்லும். இதுங்களுக்கு உன்மேல துளிகூடப் பாசம் இல்லை. என்னால பாஸ் போட முடியாது. மன்னிச்சுக்கோ.”

நயீபேயின் கண்கள் நிரம்பிவிட்டன. டவுன் வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையா? அதுதான் நெஞ்சை அறுத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்காக மேடமைப் படகுத்துறை வரை கொண்டுவிடப் போனாள்.

மாமரத்தடியில் வகுப்பு மொத்தமும் கும்பலாக நின்றுகொண்டிருந்தது. நயீபே அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிட, கெய்லா மட்டும் ஓடிவந்து மேடமை வழிமறித்தாள்.

“மேடம், எங்க டீச்சர் பாஸா, ஃபெயிலா?”

“ஏன், உனக்கு ரொம்ப அக்கறையோ?” மேடமுக்கு எரிச்சலாக வந்தது. “ஃபெயில்தான். உங்க புண்ணியத்துல அடுத்த பருவமும் இங்கேயேதான் கிடப்பாங்க. போதுமா?”

“அப்புறமா மனசு மாறிட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“நிஜமா?”

“நிஜமாத்தான்! நகரு, படகு போயிடும்.”

கெய்லா அப்பாடா என்று மூச்சு விட்டாள். “வலையை இழுத்துக் கரை சேர்க்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு, மேடம். அதான்” என்றவள் மாமரத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்: “டேய் ஒஸ்னைதர், மீன் சிக்கிடுச்சுடா! டீச்சர் நம்மளை விட்டு எங்கேயும் போகல! இனிமே எல்லாரும் பேசலாம்!”