ஏலத்துக் கோழி

"ஒரு தரம்."

யாரும் வாய் திறக்கவில்லை.

கோழி மேசைமேல் கிடந்தது. கறுப்பும் செம்பழுப்பும் கலந்த நாட்டுக்கோழி. கால்கள் இரண்டையும் பள்ளிக்கூட ரிப்பனால் கட்டியிருந்தார்கள்.

அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. எந்த நாற்காலியிலும் பட்டதில்லை.

வேதக்கோயில் பந்தலில் அறுப்பின் பண்டிகை ஏலம். ஊரார் காணிக்கையாகக் கொடுத்த விளைச்சலையும் வளர்ப்பையும் ஏலம் விடுவார்கள். இந்த வருஷத்து வசூல் முழுவதும் பள்ளிக்கூட மைதானத்துக்கு. வாலிபால் கம்பங்கள் இரண்டும் துருப்பிடித்து ஒடிந்துவிட்டன. நீளம் தாண்டுகிற மணல்குழியில் நாய்கள் படுக்கின்றன.

மைதானம் அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. அதனால் ஏலத்தின் முதல் பொருள் எப்போதும் அவர் வீட்டுக்கு. இந்த முறை வாழைத்தார். கேட்டார், எடுத்தார். அது கால்மாட்டில் கிடந்தது.

பிறகு ஏலம் கலகலப்பாகத்தான் போயிற்று. ஒற்றை முட்டை ஆயிரம் ரூபாய்க்குப் போனது. "உள்ள மோதிரமா வே கெடக்கு?" என்று யாரோ கேட்க, பெண்கள் பக்கமும் சிரித்தது.

அடுத்தது இந்தக் கோழி.

கொடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் உபதேசியார் ஞானசிகாமணி ஒவ்வொன்றையும் ஏலத்துக்கு விடுவார். இதற்கு மட்டும் தயங்கினார்.

"மூணாப்பு படிக்கிற ஷெர்லின் பாப்பா வீட்டுக் கோழி."

பாப்பாவின் அம்மா பெயரைச் சொல்லவில்லை.

முன்வரிசையில் இருந்தவரின் மகள் அவள். அந்தப் பெயரை அவர் காதுபட ஊரில் யாரும் சொல்வதில்லை. அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம் குடிபோன நாளிலிருந்து இப்படித்தான். சொல்லக் கூடாது என்று அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவள் வீட்டுக் கோழியை அவர் முன்னால் விலை கேட்க ஒருவருக்கும் நா எழவில்லை.

ஊர் அவருடைய மரியாதையைக் காத்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா, ஒருத்தரும் கோழி திங்க மாட்டியளோ?"

உபதேசியாரின் சிரிப்பு அவரோடு நின்றது.

"ரெண்டு தரம்."

கேட்பாரில்லாத பொருளைக் கொடுத்தவரே வந்து எடுத்துப்போக வேண்டும். அதுதான் வழக்கம். அப்படி யாரும் எடுத்துப்போய் அவர் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

அவர் திரும்பவில்லை. எழுந்தது யார் என்று தெரிந்தது.

கோபம் வரவில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது.

செருப்புச் சத்தம் நடுப்பாதைக்கு வந்தது. முன்னால் வந்துகொண்டிருந்தது.

தோளிலிருந்து துண்டு சரிவது போல இருந்தது.

அவர் கையை உயர்த்தினார்.

"அண்ணாச்சி கேட்டுட்டாவ! மூணு தரம்!"

துண்டைத்தான் சரிசெய்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஏலத்தில் கையைத் தூக்கிவிட்டு இல்லை என்று சொன்னவர் அவர் குடும்பத்தில் கிடையாது. அப்பா இல்லை. தாத்தா இல்லை.

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு திரும்பிப் போயிற்று.

உபதேசியார் அருகில் வந்து குனிந்தார்.

"எவ்வளவுன்னு எழுத, அண்ணாச்சி?"

"கம்பம் ரெண்டும் நம்ம கணக்கு."

அந்தக் கம்பங்களுக்கு நடுவே மகள் ஆடியிருக்கிறாள். வலைக்கு மேலே எழும்பி அடிப்பாள்.

கோழியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். சலவை வேட்டியில். யாரும் சிரிக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

சூடாக இருந்தது.

ஏலம் முடிகிறவரை அவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வாழைத்தாரை ஆளிடம் கொடுத்தனுப்பினார். கோழியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். எதிரே வந்தவர்கள் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டு முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ரிப்பனை அவிழ்த்தார். சின்ன வயதில் மகள் சடையில் போட்ட அதே முடிச்சு, இழுத்தால் இறுகுவது. எந்த நுனியைத் தளர்த்த வேண்டும் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

மனைவி வாசலுக்கு வந்தாள். கோழியைப் பார்த்தாள். யார் வீட்டுக் கோழி என்று கேட்கவில்லை. சுவரோரம் கிடந்த, கோழி அடைக்கிற பஞ்சாரக் கூடையை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு நாளாவது கவுத்துப் போடணும். இல்லன்னா பழைய வீட்டுக்கே போயிரும்."

அவர் கோழியின் காலில் ரிப்பன் இறுகிய இடத்தைத் தடவிவிட்டார்.

"பொறவு யாரு போய்க் கேட்டு வாங்கிட்டு வாரது?"

அவர் ரிப்பனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவள் சற்று நின்றாள். கூடையைத் தானே எடுத்துக் கவிழ்க்கவுமில்லை. உள்ளே போய்விட்டாள்.

கோழி கால்களை உதறியது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. எதையோ கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது.

தெருக்கதவு திறந்திருந்தது. வரும்போது அவர் சாத்தவில்லை.

வெயில் இறங்கியது. கோழி கழுத்தை நீட்டி மைதானப் பக்கம் பார்த்தது. படி தாண்டியது. ஓட்டமும் நடையுமாகப் போயிற்று.

அவர் மைதானத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடை பக்கத்தில் கிடந்தது. உள்ளே மனைவி விளக்கைப் போட்டாள்.

அவர் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.