சட்டத்துக்குள் ஒரு கல்யாணம்

வெள்ளைக்காரக் கிழவர், பக்கத்தில் தாய்லாந்து மனைவி, அவள் கையில் தடித்த கோப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் பிம்ஜாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நிலப் பதிவு அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னலில் அவள் உட்கார ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. வீட்டை மனைவி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே பெட்டியும் கையுமாக வந்து புலம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். இன்று தன் ஃப்ளாட்டை மனைவிக்கு எழுதிக் கொடுக்க வந்தவர் டென்மார்க்காரர், பெயர் டோர்பென். அறுபத்தெட்டு வயதிலும் பால் வடியும் முகம். இவரையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று பிம்ஜாய் முடிவு கட்டினாள்.

காப்பாற்றுவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி, எல்லா அரசாங்க ஊழியருக்கும் தெரிந்த வழிதான். காகிதத்தில் குறை கண்டுபிடித்தாள்.

"என்னக்கா, அடையாள அட்டையில ஒரு பேரு, வீட்டுப் பதிவுப் புத்தகத்துல வேற பேரு?"

"பிக்கு சொன்னாருன்னு மூணு தடவை பேரை மாத்தினேன் தங்கச்சி" என்றாள் மனைவி லம்யாய். மூன்றுக்கும் சான்றிதழை எடுத்து வைத்தாள்.

"மாத்துனதுல ராசி வந்துச்சா?"

"இன்னைக்கு வந்துடும்."

கட்டட நிர்வாகத்தின் கடிதம் கேட்டாள், இருந்தது. நகல் மூன்று கேட்டாள், நாலு இருந்தது. இவ்வளவு தயாராக வந்திருக்கிறவளைப் பார்க்கப் பார்க்க பிம்ஜாய்க்குச் சந்தேகம் முற்றியது. வேறு வழியில்லாமல் ஐந்தாவது நகல் வேண்டுமென்று அவளை வெளியே அனுப்பிவிட்டு, டோர்பென் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உங்களை யாராவது வற்புறுத்துறாங்களா? கையெழுத்துப் போட்டா அந்தக் கடல் பாத்த ஃப்ளாட் அவங்களுது. நாளைக்கே வெளிய போன்னு சொன்னாலும் போகத்தான் வேணும்."

டோர்பென் ஊர்ப் பேச்சை நன்றாகவே பேசுவார். எழுத்துதான் ஒன்றுகூடத் தெரியாது. படிக்கிற வேலையெல்லாம் லம்யாய் பார்த்துக்கொள்வாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஜன்னலை ஒட்டிக் குனிந்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியும். பதிவு பண்ணின பொண்டாட்டிக்குக் குடுத்த சொத்தை, கல்யாணம் இருக்கிற வரைக்கும் எப்ப வேணாலும் திருப்பி வாங்கிக்கலாம். வெளியாளுக்குக் குடுத்தாதான் போனது போனதுதான்."

மீதியையும் அவரே சொன்னார். அவருக்கு ஒரு படகு மேல் ஆசை. ஃப்ளாட்டைத் தன் பெயருக்கு மாற்றினால், சந்தையில் இருபது வருடமாக நடத்தும் பப்பாளி சாலட் கடையை விற்றுப் படகு வாங்கித் தருவதாக லம்யாய் சொல்லியிருக்கிறாள். படகு வந்த மறுநாளே ஃப்ளாட்டைத் திருப்பிக்கொள்ளப் போகிறாராம். சொல்லிவிட்டுக் கண்ணடிக்க வேறு செய்தார்.

பிம்ஜாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பால் வடிந்த முகத்தில் இப்போது வடிந்தது வேறு. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் காப்பாற்ற வேண்டிய ஆள் மாறிவிட்டது.

லம்யாய் வியர்க்க விறுவிறுக்க நகலோடு வந்தாள். இன்னொரு கையில் கணவருக்கு ஐஸ் காபி. அவர் அதை உறிஞ்சிக்கொண்டே மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

பிம்ஜாய் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கடையை மட்டும் வித்துடாதீங்க. புருஷன் குடுத்ததை அவரு எப்ப வேணாலும் திருப்பிக் கேக்கலாம். சட்டத்துல இடமிருக்கு."

"தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சுமா?"

"ஒம்பது வருஷமாச் சமைச்சுப் போடுறேன். அவரு மனசு எனக்குத் தெரியாதா?"

லம்யாய் தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டாள். கணவன் மனைவிக்குள் என்றால் கட்டணம் நாலில் ஒரு பங்குதான், கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதா என்று பிம்ஜாய் கேட்டாள். இல்லை, முழுக் கட்டணமே போட்டுவிடுங்கள் என்றாள் லம்யாய். இந்த அப்பாவி கையிலிருப்பதையும் இழக்கப் போகிறாளே என்று நொந்தபடி பிம்ஜாய் முழுக் கட்டணத்துக்கு ரசீது எழுதினாள்.

டோர்பென் சீட்டியடித்தபடி வந்து காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. ஃப்ளாட்டின் பத்திரம் லம்யாயின் கைப்பைக்குள் போனது. அவள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

ரசீதைப் பார்த்த பிறகுதான் டோர்பென் துள்ளினார். எண்களை அவருக்குப் படிக்கத் தெரியும். முழுக் கட்டணம் எதற்கு என்று கேட்டார். கல்யாணச் சான்றிதழ் இல்லையாமே என்றாள் பிம்ஜாய்.

"இல்லைன்னு யாரு சொன்னா? கேப்பீங்கன்னு சுவத்துலேருந்து கழட்டியே கொண்டு வந்திருக்கேன்."

துண்டில் சுற்றியிருந்ததைப் பைக்குள்ளிருந்து பெருமையாக எடுத்தார். தங்க ஓரம், இரண்டு தாமரை, சிவப்பு முத்திரை, இரண்டு பேரின் பெயரும். கல்யாணத்தன்று லம்யாயின் ஊர்க் கோயிலில் கையில் கொடுத்தார்களாம். அன்றைக்கே கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒன்பது வருடமாகக் கட்டிலுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்.

"அப்போ கல்யாணத்தைப் பதிவு பண்ணினது எங்கே ஐயா?"

"இதுதாம்மா பதிவு. படிச்சுப் பாருங்க."

லம்யாய் அதற்குள் வாசலில் குடையை விரித்திருந்தாள். பிம்ஜாய் சட்டத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள்.

கோயில் கூரைக்கு ஓடு வாங்க நன்கொடை கொடுத்த இருவருக்கும் புண்ணியம் சேரட்டும் என்று வாழ்த்தி, கீழே தலைமைப் பிக்கு கையெழுத்துப் போட்டிருந்தார்.