மஞ்சள் வில்லை

ஏரியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்கிட, நூறு மீன்களின் முதுகில் மஞ்சள் வில்லை குத்தித் திரும்ப விட்டிருந்தார் மீன்வளத்துறை அதிகாரி. இரண்டு மாதம் கழித்து வலை போட்டால் முந்நூறு மீன் சிக்கியது. அதில் வில்லை உள்ளவை எத்தனை என்பதை வைத்துத்தான் மொத்தக் கணக்கு; ஆனால் ஒன்றில்கூட வில்லை இல்லை. அந்த நூறும் எங்கே போய்த் தொலைந்தன? நாளை அறிக்கை தர வேண்டும்.

தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக, மாமனார் வீட்டில் மீன் வறுவலை மென்றுகொண்டிருந்தார்.

"உங்க தூண்டில் கோஷ்டி எல்லாத்தையும் பிடிச்சிடுச்சா மாமா?"

"சேச்சே! பிடிக்கிறதுல முக்கால்வாசியைத் தண்ணியிலேயே விட்டுடுவோம், மாப்பிள்ளை."

"ஏன்?"

"கண்ட மீனையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? உங்க ஆபீஸ்ல சோதிச்சு, நல்ல மீனுன்னு மஞ்சள் வில்லை குத்தினதை மட்டும்தான் எடுத்துட்டு வருவோம். கூச்சப்படாம இன்னொரு துண்டு வெச்சுக்கோங்க!"