இதுவரை வராத பிராது

ரப்பர் தோட்டத்துக் கங்காணி தன்னைக் கெடுத்துவிட்டதைச் சொல்ல, 1934-இல் ஒருநாள் ஜெபகனி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். போகவேண்டாம் என்று தடுத்த மாமியார் செல்லபாயும் கூடவே வந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “இந்தச் சரகத்துல இப்பிடி ஒரு பிராது இதுவரை வந்ததில்ல, தெரியுமா? ஏம்மா, நீயாவது மருமவளுக்குப் புத்தி சொல்லிக் கூட்டிட்டுப் போ.”

மாமியார் இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றே ஜெபகனி நினைத்தாள்.

செல்லபாய் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இவ சொல்லுகத எழுதும், ஏமானே. பொறவு எனக்க பிராதையும் எழுதும். நான் புதுசா ரப்பர் பால் வெட்டப் போன காலத்துல, அதே ஆளுதான். எனக்க மாப்பிளைகிட்டகூட நான் இதுவரை சொன்னதில்ல.”

ஜெபகனி மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

“யாரு பேரை முதல்ல எழுத?” என்று மெதுவாகக் கேட்டார்.